உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது

எங்கள் தொழிலில் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாத வார்த்தைகள் இரண்டு. சாவு வீட்டுக்குள் நுழைகிறவர்களை யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லவும் மாட்டார்கள். மற்றவர்களுக்கு இது வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் காக்கிற மௌனம். ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிற எனக்குப் பதினோரு வருஷமாக இதுதான் தினப்படி.

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. முன் அறைதான் அலுவலகம். பெட்டி கேட்டு வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவேன். ஊரைச் சொல்வார்கள், பேரைச் சொல்வார்கள், நான் வண்டிச் சாவியை எடுப்பேன். வண்டியை ஓட்டுவது நான்தான். களமருதூர் வயல்காட்டிலிருந்து கல்வராயன் மலையில் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் பெட்டியையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். விசிட்டிங் கார்டு அடித்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதில்லை. நாங்களாக யாருக்கும் போன் செய்ததில்லை. அவர்கள் கூப்பிட்டால் போவோம், அவ்வளவுதான்.

சோற்றுக்குக் குறைவில்லை. குறை வேறு. இந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததில்லை. காதுகுத்து, மஞ்சள் நீர், புதுமனை புகுவிழா, எதுவுமே இல்லை. என் வண்டி எதிரே வந்தால் பைக்கில் போகிறவன்கூட ஓரமாக நிறுத்தி, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வான். ஊரில் இத்தனை பேருக்குச் செருப்பு அறுந்துபோவது என்னைப் பார்க்கும்போது மட்டும்தான்.

இந்தக் குறை பழகிப்போயிருந்தது. செல்வியின் மகளுக்குக் கல்யாணம் வந்த பிறகுதான் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. செந்தமிழ்ச்செல்வி என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பக்கத்தில் வடக்கனந்தலில்தான் வாழ்க்கைப்பட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மாமியார் செத்தபோது பெட்டியைக் கொண்டுபோனவள் நான். அன்றைக்கு அவள் என்னை 'வா' என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்த்தபோதும் சொல்லவில்லை. இப்போது அவள் மகள் சந்தியாவின் பத்திரிகை எங்கள் தெருவில் மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. எதிரே டீக்கடைக்கு வந்துவிட்டது. எங்களைத் தாண்டி இருக்கிற மாவு மில்லுக்கும் வந்துவிட்டது. எங்கள் வாசலில் மட்டும் அவர்கள் கார் வேகம் கூட்டிப் போனது.

அன்றைக்கு ராப்பகலாக நான் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் என் புருஷன் கவியரசனுக்கு அந்த யோசனை வந்தது.

அவருக்கு அந்தப் பேரை வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். முன்பு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். மணவிழா வாழ்த்தையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே ரோஜாப்பூ படத்தில் முடித்துவிடுகிற கெட்டிக்காரர். கொஞ்ச நாளாக ஜீவா என்று ஒரு வியாபார குருவிடம் ஆன்லைனில் பாடம் படித்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்ட ஜீவா சார், திரையில் தோன்றும்போதெல்லாம் யாரோ துரத்துகிற மாதிரிதான் பேசுவார்.

"கலை, நாம ஒரு வெபினார் போடணும்" என்றார் என் புருஷன்.

"அப்டின்னா இன்னா?"

"அவங்கவங்க வூட்டுல இருந்தே போன்ல நம்ம கூட்டத்துக்கு வருவாங்க. நாம நம்ம தொழிலப் பத்திப் பேசுவோம். ஜீவா சார் சொல்றாரு, ஒரு தபா வந்த கஸ்டமர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரணுமாம்."

"நம்ம கஸ்டமர் திரும்பி வந்தா ஊரே ஓடும்."

"சிரிக்காத. பயனடைஞ்சவங்க பேசற வீடியோ ஒண்ணும் போடணுமாம்."

பயனடைந்தவர்கள்! எங்கள் பெட்டியில் படுத்தவர்கள் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வீடியோ எடுக்க முடியாது. நான் எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் பலவீனத்தைச் சரியாகப் பிடித்தார்.

"ஜனங்க நம்மளப் பேயாட்டம் பாக்கறாங்க கலை. நாம பேசனா அந்தப் பயம் போவும். பயம் போனா பத்திரிகை வரும்."

பத்திரிகை என்றதும் என் புத்தி மழுங்கிவிட்டது. சரி என்று சொல்லித் தொலைத்தேன். போதாததற்கு நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். பதினோரு வருஷமாக எங்களை அழைத்தவர்களின் பேரும் நம்பரும் அதில் இருந்தன. அறுநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் சாவு நடந்த வீடுகள்.

அவர் ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனை நம்பரையும் ஏதோ ஒரு சாப்ட்வேரில் ஏற்றினார். வெபினாருக்கு முன்னால் என்னென்ன செய்தி அனுப்ப வேண்டும் என்று ஜீவா சாரே ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தார். சமையல் வகுப்புக்கும் பங்குச்சந்தை வகுப்புக்கும் அதே செய்திகள்தானாம். என் புருஷன் அதை அழகு தமிழில் மாற்றினார். கடைசியில் எங்கள் கம்பெனி பேரைச் சேர்த்தார். எனக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கோமுகி அணையில் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் களமருதூரிலிருந்து போன். கொளஞ்சியப்பன் என்று ஒரு பெரியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் அண்ணனுக்குப் பெட்டி கொண்டுபோயிருந்தேன்.

"ஏம்மா, எனக்கு எந்த எடத்தம்மா உறுதி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னாங்க சொல்றீங்க?"

"நீங்கதான் அனுப்பியிருக்கீங்களே. படிக்கறேன் கேளு. அன்புள்ள கொளஞ்சியப்பன், உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது. சில இடங்களே மீதம் உள்ளன. குடும்பத்தோடு பதிவு செய்தால் சிறப்புச் சலுகை. இப்படிக்கு, அமைதி ஃப்ரீசர் பாக்ஸ். யம்மா, நான் முந்தாநாளுதான் நெஞ்சுல ஸ்டெண்ட் வெச்சிக்கினு வூட்டுக்கு வந்தேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

அவரைச் சமாதானம் செய்து வைப்பதற்குள் இன்னொரு போன். அதை வைத்தால் இன்னொன்று. பேர் சொல்லி இடம் ஒதுக்கப்பட்ட அறுநூறு பேரும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஓர் அம்மா, தனக்கு வந்த இடத்தை மருமகள் பேருக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் விசாரித்தாள்.

"உடனே நிறுத்துங்க" என்று கத்தினேன். என் புருஷன் சாப்ட்வேரைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அனுப்பத்தான் ஜீவா சார் சொல்லிக் கொடுத்திருந்தாராம். நிறுத்துவது அடுத்த மாதப் பாடமாம். குருவுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த மனுஷன் துள்ளிக் குதித்தது எனக்கும் கேட்டது.

"சார், சூப்பர் சார்! உங்க மெசேஜ தொண்ணூத்தி எட்டு சதவீதம் பேர் திறந்து படிச்சிருக்காங்க! என் வாழ்க்கையில பாத்ததே இல்ல! அப்படி என்ன பிசினஸ் சார் உங்களுது?"

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது செய்தி தானாகவே கிளம்பியது. 'இன்னும் 24 மணி நேரமே உள்ளது! தயாராகிவிட்டீர்களா?'

கச்சிராயபாளையத்தில் அன்று மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். வேறு விசேஷம் எதுவும் இல்லை.

ஏழு மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். திரையில் அவள் பேரைப் பார்த்ததும் பத்திரிகை ஞாபகம்தான் வந்தது எனக்கு. அவ்வளவு அற்பமாகிவிட்டேன்.

"இன்னாடி கலை இது?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "எங்க மாமனாரு போனுக்கு இருவத்திநாலு மணி நேரம்னு கெடு வெச்சி அனுப்பியிருக்கீங்க. அவருக்கு எம்பத்திநாலு வயசு. கல்யாணத்துக்கு இன்னும் ஒம்போது நாளு கெடக்கு. அதுக்குள்ள ஒண்ணுன்னா ஒண்ணு ஆயிடுச்சின்னா கல்யாணமே நின்னுபூடும். நாங்களே அவர முட்டையாட்டம் பொத்தி வெச்சிக்கினு இருக்கோம். ஒனக்கு எம்மேல அவ்ளோ கோவமாடி?"

"இல்ல செல்வி, அது மிசினு தானா..."

வைத்துவிட்டாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். பத்திரிகை வராவிட்டாலும் போகிறது, சாபம் விட்டவள் என்ற பேர் வந்துவிட்டதே. என் புருஷன் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்துக்கு நிறையப் பேர் பதிவு செய்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது செய்தி போனது. 'இன்னும் ஒரு மணி நேரமே! அமைதியான இடமாகத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்.' மலையில் ஒரு கிராமத்தில் டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி மகனுக்குப் போன் செய்யப் போனவர், இதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். நாலு பேர் போய் இறக்கிக் கூட்டிவந்தார்களாம்.

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வராமல் எப்படி இருப்பார்கள்? என்ன நேரப்போகிறது என்று அவரவர் தெரிந்துகொள்ள வேண்டுமே. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். சில வீட்டில் குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து, அதன் பக்கத்தில் போனை நிறுத்தியிருந்தார்கள்.

என் புருஷன் இரவல் கோட்டில் கேமராவுக்கு முன்னால் நின்றார். நான் கேமராவுக்குத் தெரியாமல் கதவோரம் நின்றேன்.

"வாங்க! வாங்க! வாங்க! உங்க அனைவரையும் அமைதி குடும்பத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்!"

அத்தனை கட்டங்களிலும் ஒரே நேரத்தில் முகம் சுருங்கியது. நாலைந்து பேர் போனிலிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகைத் திட்டத்தைக் காட்டினார். வைரத்தில் பெட்டிக்குள் வண்ண விளக்கு உண்டு. இன்றே பதிவு செய்கிற முதல் பத்து பேருக்கு ரோஜா மாலை இலவசம். "இப்ப விட்டா இந்த வாய்ப்பு வாழ்க்கையில மறுபடி வராது" என்று அவர் சொன்னபோது ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அப்போது ஒரு கட்டத்தில் யாரோ கையைத் தூக்கினார்கள். பொத்தானை அழுத்தித் தூக்குகிற கை இல்லை. நிஜக் கை. செல்வியின் மாமனார் சுப்புராயன்.

"ஏம்பா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா, கேளுங்க!" என் புருஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி கேட்பவன்தான் வாங்குவான் என்று ஜீவா சார் சொல்லியிருந்தார்.

"எனக்கு குளுரு ஆவாது. வீசிங் இருக்குது. ஒம் பொட்டியில குளுரு கம்மி பண்ணி வெப்பியா?"

"ஐயா, அப்ப... அந்த சமயத்துல உங்களுக்குக் குளிர் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? உள்ள படுத்தவன் சொன்னானா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னும் சில பேருக்குத் தொற்றியது.

"அப்பறம் இன்னொண்ணு. ஆறு மணின்னு கெடு வெச்சே. ஆறே முக்கா ஆவுது. நான் இன்னும் குந்திக்கினுதான் இருக்கேன். இதுக்கு இன்னா சொல்ற?"

செல்வியின் கை குறுக்கே வந்தது. போனைப் பிடுங்கப் பார்த்தாள், அவர் விடவில்லை. கட்டம் குலுங்கியது, சுவர் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, கடைசியில் செல்வியின் முகம் தெரிந்தது. அழுது அழுது வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கதவோரம் நிற்க என்னால் முடியவில்லை. புருஷனை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் கலையரசி. வண்டி ஓட்டறவ. உங்க எல்லார் வூட்டுக்கும் வந்திருக்கேன். யாரும் என்ன வான்னு கூப்ட்டதில்ல. நானும் போயிட்டு வரேன்னு சொன்னதில்ல. அதான் மொற. இன்னிக்கு எங்க வூட்டுக்காரரு உங்கள வாங்கன்னு கூப்ட்டுட்டாரு. தப்புங்க. எங்க கம்பெனிக்கு நீங்க யாரும் வர வேணாம். நாங்களும் உங்களக் கூப்பிட மாட்டோம். நீங்க எல்லாம் நல்லா இருக்கணும்." செல்வியின் கட்டத்தைப் பார்த்தேன். "ஐயா, சுப்புராயன் ஐயா, நீங்க பேத்தி கல்யாணத்துல மொத பந்தியில குந்தி, ரெண்டு தபா பாயசம் வாங்கி சாப்புடணும். கூட்டத்துக்குன்னு அனுப்பனத நீங்க கெடுன்னு எடுத்துக்காதீங்க."

இரண்டு கையையும் கூப்பினேன். தலையைக் குனிந்துகொண்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்புவேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் 'வரேன்' என்று சொல்லவில்லை. கட்டங்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாம் அணைந்து முடிந்ததும் என் புருஷன் முன்பே தயார்செய்து வைத்திருந்த பலகை ரோஜாப்பூவோடு திரையில் வந்து நின்றது. 'நன்றி! மீண்டும் வருக!' லேப்டாப்பைப் படாரென்று சாத்தினேன்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு வராதவர்களுக்கெல்லாம் கடைசிச் செய்தி போயிற்று. 'உங்களைத் தவறவிட்டுவிட்டோம். கவலை வேண்டாம், விரைவில் சந்திப்போம்.' அதற்குப் பிறகு என் புருஷன் அந்தச் சாப்ட்வேரின் கணக்கையே அழித்துவிட்டார். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினார். பாவமாகத்தான் இருந்தது. எனக்குப் பத்திரிகை வாங்கித் தரத்தானே இத்தனையும் செய்தார்.

தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆசைப்பட்டு வருகிற கடையாக இருந்தால்தானே கோபித்துக்கொண்டு வராமல் இருக்க முடியும். செவ்வாய்க்கிழமை மலைக்கு ஒரு நடை போய்வந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தாறு நாள்தான். தெருவில் மிச்சமிருந்த வீடுகளுக்கும் பத்திரிகை வைத்து முடித்துவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் கேட்காமலே சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை. வாசலில் வண்டியைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பெட்டிக்குத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செல்வி நின்றுகொண்டிருந்தாள். பட்டுச் சேலை. கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், குங்குமம், அவற்றின்மேல் பத்திரிகை. காரின் பின்சீட்டில் சுப்புராயன் ஐயா கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

படிக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நான். நான் தலையை ஆட்டினேன்.

"இன்னாடி தலைய ஆட்டற? நான் இன்னா பொட்டி எடுக்கவா வந்திருக்கேன்?" என்றாள். "தட்டோட வந்து நிக்கறேன். கூப்பிடாம எப்டிடி உள்ள வர்றது? வாயத் தொறந்து வான்னு சொல்லு."

எனக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. அது வரவில்லை. அந்த வாசலில் நின்று இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை. அதைச் சொன்னால் அவள் வீட்டுக்கு ஏதாவது கெட்டது நடந்துவிடுமோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன்.

என் புருஷன் உள்ளேயிருந்து சோப்புக் கையோடு ஓடிவந்தார். "வாங்க! வாங்க! உங்க அனைவரையும்..."

"நீ கம்முனு இருண்ணா. அவ சொல்லட்டும்" என்றாள் செல்வி. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "எம் மாமனாரு புடிவாதமா நிக்கறாருடி. ஊரே எப்ப போவாருன்னு கேக்குது, நாங்ககூட கல்யாணம் வரைக்கும் தாங்குவாரான்னுதான் கேட்டுக்கினு இருந்தோம். அந்தப் பொண்ணு ஒருத்திதான் ரெண்டு தபா பாயசம் சாப்புடச் சொன்னா, அவளுக்குப் பத்திரிகை வெக்காம நான் மண்டபத்துக்கு வர மாட்டேன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நானாவே வந்திருக்கணும் கலை. நாலு வருசமா பயந்துக்கினு இருந்துட்டேன்."

காரிலிருந்து குரல் வந்தது. "வெயிலு ஏறுது, சீக்கிரம் கூப்புடச் சொல்லு! கல்யாணத்துக்கு டவுன் பஸ்ல வரணும், சொல்லிட்டேன். அந்த வண்டிய எடுத்துக்கினு வந்தா நான் உள்ள வுட மாட்டேன்!"

செல்வி அசையவில்லை. தட்டைப் பிடித்த கை வலித்திருக்கும், ஆனாலும் தாழ்த்தாமல் நின்றாள். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டு கையையும் நீட்டினேன்.

"வா" என்றேன். காற்றுதான் வந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது.

"வா செல்வி. உள்ள வா."

அவள் வலது காலை எடுத்து வைத்து வந்தாள்.